நற்செய்தி-சுவிசேஷக் கூட்டுப்பணிக் குழுவும் ஒரு நீலாம்பாளும்

யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுத மறந்துவிட்டார்கள். மற்றதெல்லாம் எழுதியிருந்தது. மேடையில் யார் நாற்காலி இடது பக்கம், யார் நாற்காலி வலது பக்கம், சால்வையை முதலில் யாருக்குப் போர்த்துவது, பாட்டுக்குக் கை தட்டலாமா, தட்டினால் எத்தனை பாட்டுக்கு என்று நாற்பத்தொரு பக்கம். அத்தனையையும் தட்டச்சு செய்தவன் நான். அதனால் அடித்துச் சொல்கிறேன். வருகிற ஆளை என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது.

என் பெயர் தியாகராசன். தஞ்சாவூர் கீழவாசலில் டிடிபி சென்டர் வைத்து நொடித்துப் போனவன். அப்பா கருப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் பிள்ளையார் படம் போட்ட காலண்டர்கூட மாட்டியதில்லை. இந்தக் குழுவுக்கு ஒரு எழுத்தர் தேவைப்பட்டபோது ஒரு தரப்பு தங்கள் ஆளைச் சொன்னது, மறு தரப்பு தங்கள் ஆளைச் சொன்னது, நாலு மாதம் இழுபறி. கடைசியில் இரண்டு தரப்பும் நம்பக்கூடியவன் கடவுளே இல்லை என்பவன்தான் என்று என்னை வைத்தார்கள். மூன்று வருடம் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் அறிவிக்கவென்றே ஏற்பட்ட குழு. அதில் ஒருவர்கூட ஒரு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை அறிவித்ததில்லை.

தரப்பு என்றேன். ஒன்று மணிக்கோயில். மிஷனரிகள் கட்டியது, பெரிய மணி உண்டு, அதனால் அந்தப் பெயர். அதன் தலைவர் அருட்பணி முனைவர் அறிவுச்செல்வன். வெளிநாட்டில் படித்தவர். நரகம் என்பது ஒரு குறியீடு என்பார். இன்னொன்று கொட்டகைச் சபை. புறவழிச்சாலை ஓரம் தகரக் கொட்டகையில் தொடங்கி இப்போது ஏசி மண்டபமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் தலைவர் பாஸ்டர் ஏசாயா. நரகத்தில் எத்தனை டிகிரி என்று கேட்டால் சொல்லக்கூடியவர். அறிவுச்செல்வனே அங்கே போவார் என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்றால், இருவருக்கும் ஒரே சங்கடம். புதிதாக ஆள் வரவில்லை. பத்து வருடக் கணக்கைப் பார்த்ததில் மணியிலிருந்து கொட்டகைக்குப் போனவர்கள் பதினாறு பேர், கொட்டகையிலிருந்து மணிக்கு வந்தவர்கள் பதினாறு பேர். அதில் ஒன்பது பேர் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள். இதற்கு மந்தைத் திருட்டு என்று பெயர். அதைத் தடுக்க ஒப்பந்தத்தில் ஏழாம் பிரிவு போட்டார்கள்: கூட்டுப்பணியில் கிடைக்கும் ஆத்துமாவை மறு தரப்பின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எந்தத் தரப்பும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு வேலை கூடியது சொற்களால். மணிக்காரர்கள் கடவுள் என்பார்கள். கொட்டகைக்காரர்களுக்கு அது தேவன். இவர்களுக்கு மீட்பு, அவர்களுக்கு இரட்சிப்பு. இவர்கள் நற்செய்தி, அவர்கள் சுவிசேஷம். எதையும் விட்டுக்கொடுக்க முடியாதென்று இரண்டையும் போட முடிவாயிற்று. ‘கடவுளாகிய தேவனின் மீட்பாகிய இரட்சிப்பைப் பற்றிய நற்செய்தியாகிய சுவிசேஷம்’ என்று நோட்டீஸ் அடித்தோம். அதில் கூட்டம் நடக்கும் தேதிக்கு இடமில்லாமல் போய்விட்டது.

இருந்தாலும் கூட்டம் நடந்தது. பிப்ரவரியில், சம்பா அறுவடை முடிந்த வயலில், நெடுவாய்க்கால் கிராமத்தில். இரண்டு சபையும் தங்கள் தங்கள் வேனில் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. வெளியார் என்று பார்த்தால் கூத்தாநல்லூரிலிருந்து ஐஸ் வண்டி தள்ளிவந்த ஜாபிர் பாயும், ஓரமாக நின்ற நீலாம்பாளும்தான்.

முனைவர் இருபது நிமிடம் பேசினார். “அன்புக்குரிய மக்களே, உங்களை மாற்ற நான் வரவில்லை. உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே இருக்கலாம். உண்மையில் நான் எதற்கு வந்தேன் என்பதே நாம் சேர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி” என்றார். நேரம் முடிந்ததென்று மணியடித்தது. பாஸ்டர் எழுந்து, “இருந்த இடத்துலயே இருந்தீங்கன்னா நேரா நரகம்தான். எனக்கு முன்னாடி பேசின சகோதரரை நான் குறிப்பிட்டுச் சொல்லல. ஒப்பந்தம் இருக்கு” என்றார். பிறகு தீர்மான அட்டைகள் விநியோகமாயின. இரட்டைச் சொற்களில் ஒரு வாக்கியம், பக்கத்தில் ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’ என்று இரண்டு கட்டம். ஐந்நூறு அட்டை அடித்திருந்தேன். நானூற்றுச் சொச்சம் வெறுமனே திரும்பி வந்தது, கொஞ்சம் ஜாபிர் பாயின் வண்டியில் ஐஸ் வைத்துக் கொடுக்கப் போனது. ஒன்றே ஒன்றில் டிக் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்த அட்டைக்காரர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

நீலாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு பெண்களைச் சேர்த்து நடவுக்குக் கூட்டிப் போகிறவர். பண்ணைக்கூலிக் குடும்பம். மகன் சூர்யபிரகாஷ் கோயம்புத்தூரில் இன்ஜினியர். நடவு மெஷின் வந்த பிறகும் எந்த மிராசுதார் வயலில் எந்த மூலையில் மெஷின் புதையும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு வேலை பிடிக்கிற பெண்மணி. காலில் சேறு காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்.

“டிக்கு போட்டேன் தம்பி. அடுத்து என்ன செய்யணும்?”

எனக்குத் தெரியவில்லை. ஏன் டிக் போட்டீர்கள் அக்கா என்று கேட்டேன்.

“எங்கூட நடவுக்கு வர்றாங்கள்ல சுகிர்தம், அவ மணிக்கோயிலு. அவ பொண்ணு விசேசத்துக்குக் கூப்பிட்டான்னு போயிருந்தேன். முன்னாடி முட்டிபோட்டு வரிசையா இருந்தாங்க. ரிட்டயர்டு தாசில்தாரு ஒருத்தரு, பக்கத்துல நம்ம சுகிர்தம், அதுக்கு அடுத்து வக்கீலு. ஒரே கோப்பை தம்பி. யாரும் அண்ணாந்து குடிக்கல. வாய வெச்சுக் குடிக்கிறாங்க. சுகிர்தம் வாய வெச்ச எடத்துல வக்கீலு வெச்சு குடிக்கிறாரு. அப்பறம் ஞானசௌந்தரி, அவளும் நம்ம ஆளுதான், கொட்டகைச் சபைக்கு ஒரு நாளு இட்டுக்கிட்டுப் போனா. அங்கயும் ஒரே கோப்பை கைமாறிப் போவுது. என்னைத் தாண்டித்தான் போச்சு. நான் சேரலேல்ல. அந்தக் கோப்பையில ஒரு வாய் குடிக்கணும். அவ்வளவுதான் எனக்கு.”

“எந்தச் சபையில?”

“எதுலயா இருந்தா என்ன? எங்க ஊர்லயே மாரியம்மன் கோயிலு ரெண்டு இருக்கு. ஆத்தா ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணுன்னுதானே மேடை போட்டு சொன்னீங்க?”

சொன்னது வாஸ்தவம்தான். நான் அட்டையை வாங்கி, கோப்பில் வைத்து, குழுவுக்குக் குறிப்பு அனுப்பினேன். குழு அன்று மாலையே அவசரமாகக் கூடியது. மூன்று வருடத்தில் அவர்கள் அவ்வளவு வெலவெலத்து நான் பார்த்ததில்லை. “ஒருவர் வந்துவிட்டார்” என்று முனைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உறுதியா வந்துட்டாங்களா, இல்ல போயிருவாங்களா?” என்று பாஸ்டர் கேட்டார். ஏழாம் பிரிவின்படி இனி இருவரில் யாரும் அவரைத் தனியாகச் சேர்க்க முடியாது. சேர்த்துக்கொள்ளச் சம்மதம் தருகிறீர்களா என்று இவர் அவரிடம் கேட்கவில்லை, அவரும் இவரிடம் கேட்கவில்லை. துணைக்குழு போடப்பட்டது.

துணைக்குழு நீலாம்பாளை விசாரித்தது. நான் குறிப்பெடுத்தேன்.

“எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு இரட்சிக்கப்பட்டீங்க?” என்றார் பாஸ்டர்.

“கூட்டம் ஆறரைக்கு ஆரம்பிச்சுதுங்க. அதுக்கு மின்னாடியே தோணிடுச்சு.”

“கூட்டத்துக்கு முன்னாடின்னா இது கூட்டுப்பணியில சேராதே.”

முனைவர் குறுக்கிட்டார். “அந்தச் சொல்லாடலே ஆதிக்கம் சார்ந்தது. அம்மா, நீங்கள் ஒரு விளிம்புநிலைப் பெண்ணாக, உங்கள் சூழலின் கட்டமைப்பிலிருந்து விடுதலையை எப்படி உணர்கிறீர்கள்?”

நீலாம்பாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“நீங்க பாவின்னு ஒத்துக்குறீங்களா?” என்றார் பாஸ்டர்.

“அவர்களைப் பாவி என்பதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அவர்கள் பாவம்” என்றார் முனைவர்.

“நான் பாவியாவே இருந்துட்டுப் போறேங்க. பாவம்னு மட்டும் சொல்லாதீங்க” என்றார் நீலாம்பாள். இதை எந்தத் தலைப்பில் பதிவது என்று அவர்களுக்குள் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது.

அடுத்தது தண்ணீர். மணிக்காரர்கள் நெற்றியில் மூன்று சொட்டுத் தெளிப்பார்கள். அதற்குத் திருமுழுக்கு என்று பெயர். கொட்டகைக்காரர்கள் ஆளையே முக்கி எடுப்பார்கள், அது ஞானஸ்நானம். தெளித்தது செல்லாது என்று கொட்டகைக்காரர்கள் புத்தகம் போட்டிருந்தார்கள், முக்குவது நாகரிகமல்ல என்று மணிக்காரர்கள் புத்தகம் போட்டிருந்தார்கள். இரண்டு புத்தகத்தையும் நான்தான் டைப் அடித்தேன், நாலு மாதம் போயிற்று. அதற்குள் வாய்க்கால் வறண்டு பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்வதற்கும் சமரசத் திட்டம் முடிவாவதற்கும் சரியாக இருந்தது. நீலாம்பாள் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். தலையில் முனைவர் தெளிப்பார். இடுப்புக்குக் கீழே ஞானஸ்நானம், கழுத்துக்கு மேலே திருமுழுக்கு.

அன்று காலையில் பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர் அளவுகோலோடு வாய்க்காலில் இறங்கி நின்றார். தண்ணீர் ஓர் அங்குலம் ஏறினால் மணிக்காரர்கள் கையை ஆட்டினார்கள், ஓர் அங்குலம் இறங்கினால் கொட்டகைக்காரர்கள். நீலாம்பாளை நகரச் சொன்னார்கள், திரும்பி நகரச் சொன்னார்கள்.

“வருசா வருசம் தண்ணியிலதாங்க நிக்கிறேன்” என்றார் அவர். “முழங்காலு மட்டும் எனக்கு எப்பவோ ஆயிருக்கும்.”

ஒரு வழியாக முடிந்தது. இடுப்புக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட பகுதி யாரிடம் சேர்ந்தது என்று சான்றிதழ் எழுதும்போதுதான் கேள்வி வந்தது. நிலுவை என்று எழுதச் சொன்னார்கள். இதயம் அந்தப் பகுதியில்தானே இருக்கிறது என்று கேட்டேன். எழுத்தர் கருத்துச் சொல்ல வேண்டாம் என்றார்கள்.

நீலாம்பாள் சான்றிதழை வாங்கி மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். “இனிமே கோப்பை குடுத்துருவாங்கள்ல தம்பி?”

“குடுத்துருவாங்க அக்கா” என்றேன். எந்த முகத்தோடு சொன்னேனோ.

கோப்பை கைமாறும் அந்தச் சடங்கு, அதாவது கூட்டுத் திருவிருந்தாகிய ராப்போஜனம், ஜூலை முதல் ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு என்று நிச்சயமாயிற்று. பகலில் எப்படி ராப்போஜனம் என்று நான் கேட்கவில்லை, அடி வாங்கியவன். இடம், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு கல்யாண மண்டபம். மணிக்காரர்கள் ஒயின் வைப்பார்கள். கொட்டகைக்காரர்களுக்கு அது மது, அவர்கள் வைப்பது புளிக்காத திராட்சைச் சாறு. ஆகவே இரண்டு கோப்பை. அவரவர் ஆள் அவரவர் கோப்பையில். நீலாம்பாள் எதில் குடிப்பார் என்று ஒன்பது அமர்வு நடந்தது. மணிக் கோப்பையில் குடித்தால் மணிக்குப் போய்விட்டார் என்று ஆகும், கொட்டகைக் கோப்பையில் குடித்தால் மந்தைத் திருட்டு. பத்தாவது அமர்வில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே யோசனையைச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் மனப்பூர்வமாக ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். கை குலுக்கிக்கொண்டார்கள். முனைவருக்குக் கண் கலங்கியது. என்னைப் பாத்திரக் கடைக்கு அனுப்பினார்கள்.

நான் போய் வாங்கி வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. என் அப்பா எந்த வேலைக்காக மூன்று முறை ஜெயிலுக்குப் போனார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல எவர்சில்வரா என்று தட்டிப் பார்த்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. நீலாம்பாள் புதுப் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். மணிப் பக்கத்தில் சுகிர்தம், கொட்டகைப் பக்கத்தில் ஞானசௌந்தரி. மேஜையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு கோப்பை. நடுவில் கொஞ்சம் தள்ளி, கைக்குட்டை போட்டு மூடி, நான் வாங்கியது. முனைவர் பேசினார்: “எல்லாச் சுவர்களும் இடிந்து விழும் நாள் இது.” பாஸ்டர் பேசினார்: “ஒரே அப்பம், ஒரே பாத்திரம்.” பிறகு முனைவர் தம் ஆட்களுக்குத் தம் கோப்பையைக் கொடுத்தார், பாஸ்டர் தம் ஆட்களுக்குத் தம் கோப்பையைக் கொடுத்தார். கடைசியில் நீலாம்பாளைக் கூப்பிட்டார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் கைக்குட்டையைப் பிடித்து எடுத்தார்கள்.

எவர்சில்வர் டம்ளர். ‘பொது’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கரையும் நான்தான் அடித்தேன். உள்ளே பாதி ஒயின், பாதி சாறு.

நீலாம்பாள் அதைக் கையில் வாங்கவில்லை.

“இது யாரு டம்ளருங்க?”

“உங்களுக்குன்னே தனியா வாங்கினதும்மா” என்றார் பாஸ்டர், அன்பாகத்தான்.

“வேற யாரும் இதுல குடிக்க மாட்டாங்களா?”

“யாரும் தொட மாட்டாங்க” என்று முனைவர் உறுதி கூறினார்.

நீலாம்பாள் குரலை உயர்த்தவில்லை.

“எங்கம்மாவுக்கும் இப்புடித்தான் ஒண்ணு வெச்சிருந்தாங்க. டீக்கடைக் கூரையில சொருகியிருக்கும். வெளியில நின்னு எடுத்து, குடிச்சுட்டு, கழுவி, திரும்பச் சொருகிட்டு வரணும். அதையும் வேற யாரும் தொட மாட்டாங்க. அதுவும் அவங்களுக்குன்னே வெச்சதுதான். பேரு எழுதி ஒட்டல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

அப்படிச் சொருகி வைத்த டம்ளர்களை உடைத்துத்தான் என் அப்பா மூன்று முறையும் ஜெயிலுக்குப் போனார்.

முனைவர் மைக்கை இழுத்தார். “அம்மா, அது ஒடுக்குமுறையின் குறியீடு. இது ஒற்றுமையின் குறியீடு. இரண்டையும் நாம் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். நானே இரட்டைக் குவளை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன்.”

“உலகப்பிரகாரமா பாக்கக் கூடாது” என்றார் பாஸ்டர். “ஜெபத்தோட எடுத்த தீர்மானம் இது. பத்து அமர்வு.”

“ரெண்டு கோப்பை அங்க இருக்கு. எதுல குடுத்தாலும் வாய வெச்சுக் குடிச்சிருப்பேன்” என்றார் நீலாம்பாள். “தனித்தனியா இருந்தப்ப உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரே கோப்பைதான் இருந்துச்சு. நீங்க ஒண்ணா சேந்ததும் எனக்குத் தனி டம்ளரா?”

டம்ளரை எடுத்தார். உள்ளே இருந்ததை மேஜையோரத்துப் பூச்செடித் தொட்டியில் ஊற்றினார். டம்ளரை வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னிடம் வந்து, “தம்பி, அந்த அட்டை மிச்சம் இருக்கா?” என்றார். அட்டைக் கட்டிலிருந்து இரண்டை உருவிக் கொடுத்தேன். முனைவர் கையில் ஒன்று, பாஸ்டர் கையில் ஒன்று வைத்தார்.

“ஏத்துக்குறீங்களா இல்லையான்னு யோசிச்சு ஆளுக்கு ஒரு டிக்கு போட்டு வைங்க. அவசரமில்ல. நான் ஆறு மாசம் காத்திருந்தேன், நீங்களும் இருங்க. நாளையிலேருந்து குறுவை நடவு. வயல்ல இருப்பேன்.”

நடு வழியே நடந்து வெளியே போனார். சுகிர்தம் எழுந்து பின்னால் போனார். சுகிர்தம் போனதும் ஞானசௌந்தரியும் எழுந்தார். பாஸ்டர், “சகோதரி, உட்காருங்க” என்றார். “நடவுக்கு ஆள் சொல்லணும் பாஸ்டர்” என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

மறுநாள் காலை குழு கூடி ஆண்டறிக்கையை முடித்தது. மணிக்கோயில் அறிக்கையில் சேர்ந்த ஆத்துமா ஒன்று. கொட்டகைச் சபை அறிக்கையில் ஒன்று. கூட்டு அறிக்கையில் இரண்டு. இதற்கு நீலாம்பாளின் கையெழுத்து மட்டும் தேவைப்பட்டது, வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள்.

வரப்பில் போய் நின்றபோது மணி பதினொன்று இருக்கும். பெண்கள் நடவை நிறுத்திக் கரையேறியிருந்தார்கள். தூக்குவாளியில் நீராகாரம். ஒரே சொம்பு. சுகிர்தம் குடித்து ஞானசௌந்தரியிடம் கொடுத்தார், ஞானசௌந்தரி குடித்து நீலாம்பாளிடம் கொடுத்தார். பதினைந்து பேரையும் சுற்றி வந்தது. யாரும் எதுவும் ஜெபிக்கவில்லை. சுகிர்தம் மட்டும் தன் முறை வந்தபோது கண்ணை ஒரு நொடி மூடித் திறந்ததைப் பார்த்தேன்.

நான் காகிதத்தை நீட்டினேன். நீலாம்பாள் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு என்ற இடத்தில் சுகிர்தம் சிரித்துவிட்டார்.

“அவங்க டிக்கு போட்டாங்களா?”

“இல்லக்கா. அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்காங்க.”

“அப்ப நானும் போட மாட்டேன். சொல்லிருங்க.” காகிதத்தை என் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தார். பிறகு சொம்பைத் தூக்குவாளியில் முக்கி எடுத்து நீட்டினார். “வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க.”

வாங்கிக்கொண்டேன். பழக்கதோஷம், தலையை நிமிர்த்தி அண்ணாந்து ஊற்றப் போனேன். நீலாம்பாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணாந்து குடிக்காதீங்க தம்பி. வாய வெச்சுக் குடிங்க.”